காபிக்கு விலை வைக்காத வசூல்

ஊரார் ஓரிடத்தில் கூடிக் காபி குடித்துப் புற்றுநோயாளிகளுக்காகப் பணம் சேர்க்கும் கூட்டம், இன்றைய வடிவில், பிரிட்டனில் பிறந்தது. மாக்மில்லன் என்ற புற்றுநோய் உதவி அமைப்பு 1990இல் இதைச் சிறிய அளவில் நடத்திப் பார்த்தது. வீட்டிலோ அலுவலகத்திலோ தேவாலயக் கூடத்திலோ ஒருவர் அக்கம்பக்கத்தாரை ஒரு காலைவேளைக்கு அழைப்பார். வந்தவர்கள் காபி குடிப்பார்கள், அழைத்தவர் செய்துவைத்த கேக்கைச் சாப்பிடுவார்கள், கடையில் ஒரு காபிக்குக் கொடுக்கும் காசைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது, சிறப்பு விருந்தினர் கிடையாது. மறு ஆண்டே அது நாடு தழுவிய நிகழ்ச்சியாயிற்று. செப்டம்பர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமையை ஒட்டி ஆயிரக்கணக்கான இடங்களில் நடக்கும் இந்தக் கூட்டங்கள் இதுவரை 20 கோடி பவுண்டுக்கும் மேல் திரட்டியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1994 முதல் அந்நாட்டுப் புற்றுநோய்க் கவுன்சில் இதேபோல் காலைத் தேநீர்க் கூட்டங்களை நடத்தச் சொல்லி வருகிறது.

மாக்மில்லன் அமைப்பை 1911இல் தொடங்கிய டக்ளஸ் மாக்மில்லன் மருத்துவர் அல்லர். தந்தை புற்றுநோயால் பட்ட பாட்டைப் பார்த்த ஓர் அரசு ஊழியர். பிரிட்டனில் 1948 முதல் மருத்துவச் செலவைப் பெரும்பாலும் அரசே ஏற்கிறது. ஆகவே காபிக் கூட்டத்தில் சேரும் பணம் ஊசி மருந்து வாங்குவதற்காக அல்ல. நோயாளியின் வீட்டுக்கு வந்து போகும் செவிலியர், வேலை இழந்தவருக்கு ஒரு சிறு உதவித்தொகை, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு, தொலைபேசியில் ஆலோசனை என்று மருத்துவமனைக் கணக்கில் வராத செலவுகளுக்கே அது போகிறது. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால்தான் திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை போன்ற தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் இப்படிப்பட்ட கூட்டம் எதற்கு உதவும் என்பது விளங்கும்.

ஆனால் பிரிட்டிஷ் முறையை அப்படியே இறக்கி வைக்க முடியாது. வீடு தேடி வந்தவருக்குக் காபி கொடுத்துவிட்டுக் காசு கேட்பது தமிழ்நாட்டில் அவமரியாதை. கேட்பவருக்கும் கூச்சம், கொடுப்பவருக்கும் மனத்தாங்கல். திருத்தணிப் பக்கத்தில் இது இன்னும் கூடுதல். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் பக்தர்களுக்கு வழிநெடுக மோரும் பானகமும் சாப்பாடும் இலவசமாகக் கொடுத்துப் பழகிய ஊர்கள் இவை. ஒரு டம்ளர் காபிக்கு விலை எழுதி ஒட்டினால் அங்கே அது கடையாகிவிடும், பொதுக்காரியம் ஆகாது.

பிரிட்டிஷ் முறைக்கு இணையான வழி தமிழர்களிடம் வெகுகாலமாகவே இருக்கிறது. சாப்பாட்டுக்கு விலை இல்லை, ஆனால் சாப்பிட்டவர் மொய் வைப்பார். புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளிலும் தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணிச் சுற்றிலும் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்து இதன் முழு வளர்ச்சி. கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமலேயே, பணம் திரட்டுவதற்கென்றே பத்திரிகை அடித்து ஆட்டுக்கறி விருந்து வைப்பார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். ஒருவருக்கு நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை வாய்ப்பு வரும். அதுவரை மற்றவர் விருந்துக்கெல்லாம் போய் அவர் மொய் செய்துகொண்டே இருக்க வேண்டும். பணம் எண்ணும் இயந்திரம், கணினி ரசீது எல்லாம் இப்போது அங்கே சாதாரணம். பார்ப்பதற்கு விருந்து, உள்ளே நடப்பது ஒரு வகைக் கடன். வாங்கியதைச் சற்றுக் கூட்டித் திருப்பிச் செய்தாக வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். செய்யத் தவறியவருடைய பெயர் ஊர் முழுக்கக் கெடும்.

இந்தப் பழக்கத்தையே திருப்பிச் செய்ய வேண்டாத மொய்யாக மாற்றிக் காட்டியது அதே வட்டாரத்து டீக்கடை ஒன்று. ஆலங்குடி அருகே வம்பன் நால்ரோட்டில் உள்ள அந்தக் கடை, 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனபோது வாடிக்கையாளர்களின் கடன் பாக்கியைத் தள்ளுபடி செய்தது. 2021இல் கொரோனா நிவாரணத்துக்காகவும், 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பின் அங்குள்ளவர்களுக்காகவும் டீக்கடையிலேயே மொய் விருந்து நடத்தியது. வந்தவர்கள் டீ குடித்தார்கள், விரும்பிய தொகையை மொய்யாக வைத்தார்கள். கறிவிருந்துக்கு ஆகும் லட்சங்கள் இல்லை, பந்தல் இல்லை. பிரிட்டனில் காபியைச் சாக்காக வைத்து நடந்தது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே வம்பனில் டீயை வைத்து நடந்திருக்கிறது.

புற்றுநோய்க்கான பொதுப் பணத்துக்கும் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. அதுவும் புதுக்கோட்டைக்காரர் ஒருவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1886இல் அங்கே பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்நோய்க்கென்றே தனி மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் மன்றாடினார். இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும், இளம் மருத்துவராக வந்து சேர்ந்து கடைசிவரை அங்கேயே வாழ்ந்த சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சாந்தாவுக்கு 2005இல் மகசேசே விருது கிடைத்தது. 2021 ஜனவரியில் அவர் காலமானார். பெரும் செல்வர் ஒருவரின் அறக்கட்டளையாக இல்லாமல், கேட்டு வாங்கிய பொதுமக்கள் பணத்தில் எழுந்து நின்ற நிறுவனம் அது. காபிக் கூட்டம் நடத்த நினைக்கும் எந்த ஊருக்கும் இந்த முன்மாதிரி போதும்.

அப்படி ஓர் ஊரான கே.ஜி.கண்டிகை, திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் சாலையில் உள்ளது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. எல்லை மாறினாலும் பேச்சு மாறவில்லை. இந்தப் பக்கத்து வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. இங்கிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போக நான்கு திசையிலும் வழி உண்டு. கிழக்கே சென்னையில் அடையாறு மருத்துவமனையும், ராயப்பேட்டை போன்ற அரசு மருத்துவமனைகளும் உள்ளன. தெற்கே அரக்கோணம் தாண்டிக் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. மேற்கே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. வடக்கே எல்லை தாண்டினால் திருப்பதி, அங்கே டாடா அறக்கட்டளையின் உதவியோடு 2022இல் ஒரு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

சிகிச்சைச் செலவில் பெரும் பகுதியைத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அறுவை, கதிர்வீச்சு, கீமோதெரபி எல்லாம் அதில் உண்டு. ஆந்திரப் பக்கம் போக நினைப்பவர்கள், தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லையோர ஊர்களில் இதைக் கவனிக்காமல் போய் நின்று தவிப்பது எளிதில் நடக்கக்கூடியது. அட்டை கையில் இருந்தும் பாதியில் சிகிச்சையை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வீட்டில் உட்கார வைப்பது மருந்தின் விலையைவிடப் பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள சில்லறைச் செலவுகள்.

கதிர்வீச்சை எடுத்துக்கொள்ளலாம். பல புற்றுநோய்களுக்கு அது வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்திலிருந்து ஏழு வாரம் வரை, 25 முதல் 35 தடவை கொடுக்கப்படுகிறது. இயந்திரத்தின் அடியில் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். அதற்காகக் கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ்ஸில் திருத்தணி, அங்கிருந்து மின்சார ரயிலில் அரக்கோணம் வழியாகச் சென்னை, பிறகு மாநகரப் பேருந்து, அதே வழியில் திரும்புதல் என்று நோயாளியும் துணைக்கு ஒருவரும் நாள் முழுதும் அலைய வேண்டும். பயணம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து இருவருக்கும் நாளொன்றுக்கு 400 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் 30 நாளில் 12,000 ரூபாய். துணைக்கு வருபவர் இழக்கும் கூலி இதில் சேரவில்லை. மூன்றாவது வாரத்துக்குப் பிறகு உடல் சோர்ந்து, தொண்டை புண்ணாகி, ரயிலில் நின்றுகொண்டு போக முடியாத நிலை வரும். அப்போது மருத்துவமனை அருகே அறை எடுக்க வேண்டும். கையில் காசு இல்லாதவர், 'கொஞ்சம் தேறட்டும், அப்புறம் போகலாம்' என்று நின்றுவிடுவார். நடுவில் விட்ட கதிர்வீச்சுக்குப் பலன் குறைவு.

கீமோ எடுத்தவருக்கு வேறு வகை அவசரம். மருந்து ஏற்றிய சில நாட்களில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108 ஆம்புலன்ஸ் கிடைக்காத நேரத்தில் வாடகைக் காருக்குப் பணம் வேண்டும். குடல் அறுவை செய்து வயிற்றில் மலப்பை பொருத்தியவர் அந்தப் பையை மாதாமாதம் வாங்கியாக வேண்டும். வாய்ப் புற்றுநோய்க்காரர் மூக்குக் குழாய் வழியாகச் சாப்பிடும் நாட்களில் சத்துமாவும் பாலும் முட்டையும் வேண்டும். மார்பகம் எடுக்கப்பட்ட பெண்ணுக்கு உள்ளே வைத்துக்கொள்ளத் துணிப் பஞ்சு மார்பகம், முடி கொட்டியவருக்கு ஒரு நல்ல துணித் தொப்பி. ஒவ்வொன்றும் நூறுகளில், மிஞ்சினால் ஆயிரங்களில் முடியும் செலவு. ஊர்க் காபிக் கூட்டத்தில் சேரும் பணத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்துவது இதுதான். பத்து லட்சம் ரூபாய் மருந்துக்கு ஒரு கிராமம் உண்டியல் குலுக்கினால் அது தோற்கும், நம்பிக்கையும் போகும்.

நோக்கத்தை இப்படிக் குறுக்கிக்கொண்ட பிறகு, யார் அழைப்பது என்ற கேள்வி. தனி ஒருவர் அழைத்தால் அவருக்கு வேண்டியவர்கள் மட்டும் வருவார்கள். கட்சிக்காரர் அழைத்தால் மற்றக் கட்சிக்காரர் வரமாட்டார். ஊரில் ஏற்கெனவே கணக்கு நோட்டு வைத்துப் பழகிய அமைப்பு மகளிர் சுயஉதவிக் குழு. 1989இல் தர்மபுரியில் தொடங்கிய இந்தக் குழுக்கள் இன்று எல்லா ஊரிலும் உள்ளன. வாராவாரம் பணம் எண்ணி, தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி, வங்கிக்குப் போய் வரும் பெண்களுக்கு இந்த வேலை புதிதல்ல. இரண்டு மூன்று குழுக்கள் சேர்ந்து அழைப்பது நல்லது. அழைப்பைத் தமிழிலும் தெலுங்கிலும் சொல்ல வேண்டும். அச்சடித்த பத்திரிகை தேவையில்லை, வீட்டுக்கு வீடு போய் நேரில் அழைத்தால்தான் இந்தப் பக்கத்தில் அழைத்ததாகக் கணக்கு.

நாள் பார்ப்பதில் பிரிட்டனைப் பின்பற்றினால் காரியம் கெடும். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து பணத்தை வெளியே கொடுக்கப் பல பெண்கள் தயங்குவார்கள். செவ்வாயும் அப்படியே. கிருத்திகை நாளில் பாதி ஊர் திருத்தணி மலைக்குப் போயிருக்கும். ஆடிக் கிருத்திகை வாரத்திலும், படித் திருவிழா நடக்கும் டிசம்பர் 31ஐ ஒட்டியும் பஸ்ஸில் இடமே கிடைக்காது. முகூர்த்த நாட்கள் நிறைந்த தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஏற்கெனவே மொய் வைத்து வைத்துக் கை வறண்டிருக்கும். வாரக் கூலி சனிக்கிழமை கைக்கு வரும் வீடுகளுக்கு ஞாயிறு தோது, அதிலும் காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள். அதற்கு மேல் கறிக்கடைக்கும் சமையலுக்கும் போய்விடுவார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது இவை எல்லாவற்றையும்விட நுட்பமான விஷயம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் டீக்கடைகளே தீண்டாமையின் களமாக இருந்த வரலாறு உண்டு. ஒரு சாராருக்குத் தனி டம்ளர், வெளியே நின்று குடிக்க வேண்டும் என்ற இரட்டைக் குவளை வழக்கம் சட்டத்தால் ஒழிந்த பிறகும் பல இடங்களில் நீடித்தது. ஒரு தெருவுக்குச் சொந்தமான கோயில் மண்டபத்தில் காபிக் கூட்டம் வைத்தால் மற்றத் தெருக்காரர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். புற்றுநோய் எல்லாத் தெருவுக்கும் வருகிறது. ஆகவே அரசுப் பள்ளி வளாகம், ஊராட்சி அலுவலகம், நூலகம் என்று எல்லோரும் கேட்காமல் நுழையக்கூடிய இடம்தான் சரி. எல்லோருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர், ஒரே வரிசை. பாத்திர வாடகைக் கடையில் டம்ளர் கிடைக்கும். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதால், எவர்சில்வர் சட்டத்துக்கும் பொருந்தும்.

டம்ளருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. புற்றுநோய் வந்தவருக்கு வீட்டிலேயே தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கிவைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. இது தொட்டாலோ, எச்சில் பட்டாலோ, கூட உட்கார்ந்து சாப்பிட்டாலோ பரவும் நோய் அல்ல. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. போன்ற சில வைரஸ்கள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றலாம், ஆனால் புற்றுநோய் அப்படித் தொற்றுவதில்லை. சிகிச்சை முடிந்து நலமாக இருக்கும் ஒருவர் விருப்பப்பட்டு முன்வந்து அந்தக் காபியை மற்றவர்களோடு நின்று குடித்தால், பத்து நோட்டீஸ் செய்யாததை அது செய்யும். விருப்பப்பட்டு என்பது முக்கியம். யாரையும் காட்சிப்பொருளாக்கக் கூடாது. பிறந்தநாளுக்கும் பூப்புனித நீராட்டுக்கும் முகம் போட்டு ஃபிளெக்ஸ் வைக்கும் நாட்டில், நோயாளியின் படத்தைப் போட்டுப் பணம் கேட்கும் ஆசை எளிதில் வரும். கல்யாணமாகாத மகள் இருக்கும் வீட்டில் தாயின் நோயை வெளியே சொல்லாமல் மறைத்து வைத்திருப்பார்கள். ஒரு ஃபிளெக்ஸ் அந்தக் குடும்பத்தையே அழித்துவிடும்.

இனி காபி. திருத்தணி வட்டாரத்தில் டீ குடிப்பவர்களே அதிகம் என்பதால் பெயர் காபிக் கூட்டமாக இருந்தாலும் டீயும் வைத்தாக வேண்டும். சர்க்கரை போடாத காபிக்குத் தனிப் பாத்திரம், இல்லாவிட்டால் பாதிப்பேர் குடிக்காமல் போவார்கள். நூறு டம்ளர் காபிக்குச் சமையல்காரர்கள் சொல்லும் கணக்கு ஏறத்தாழ 10 லிட்டர் பால், ஒரு கிலோ காபித்தூள், ஒன்றேகால் கிலோ சர்க்கரை. பெரிய ஃபில்டர் கிடைக்காத இடத்தில் வெந்நீரில் தூளைப் போட்டு மூடி, சற்று நேரம் கழித்து மெல்லிய துணியில் வடிப்பார்கள். டிகாஷனைக் கொதிக்க விடக் கூடாது, கசந்துவிடும். முதல் டிகாஷனையும் இரண்டாவதையும் கலந்து வைத்துக்கொண்டு, பாலைத் தனியே சூடாக வைத்து, ஆள் வர வர ஆற்றிக் கொடுப்பதுதான் முறை. எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கலந்து மணிக்கணக்கில் அடுப்பில் வைத்தால் பாலாடை படிந்து, பத்தாவது ஆள் முகம் சுளிப்பார். கூடவே ஒரு சுண்டல் போதும். போண்டா, கேசரி என்று போனால் செலவும் வேலையும் பெருகி, வந்த காரியம் மறந்துபோகும்.

இந்தச் செலவை வசூலிலிருந்து எடுக்கக் கூடாது. பால் ஒருவர், தூள் ஒருவர், சர்க்கரை மளிகைக்கடைக்காரர், அடுப்பும் சிலிண்டரும் ஒருவர் என்று முன்பே பங்கிட்டுவிட வேண்டும். பணமாகக் கொடுக்க முடியாதவர்கள் இரண்டு லிட்டர் பாலாகக் கொடுப்பார்கள். மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு அது பாரமாகத் தெரியாது. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று சேர்த்து அன்னதானம் நடத்திய பழக்கம் காஞ்சிப் பக்கத்துக்குப் புதிதல்ல. அப்படிச் செய்தால் உண்டியலில் விழும் ஒவ்வொரு ரூபாயும் நோயாளிக்கே போகிறது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். 150 பேர் வந்து சராசரியாக நூறு ரூபாய் போட்டால் 15,000 ரூபாய். மேலே சொன்ன கதிர்வீச்சுப் பயணக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒருவருடைய முழுச் சிகிச்சைக்கான போக்குவரத்தைத் தாங்குகிறது.

பணம் வாங்குவதில் மொய்யின் நல்ல பாதியை எடுத்துக்கொண்டு கெட்ட பாதியை விட்டுவிட வேண்டும். நல்லது, நோட்டுப் போட்டு எழுதும் ஒழுங்கு. கெட்டது, தொகையை உரக்கச் சொல்லும் பழக்கம். ஐந்நூறு வைத்தவரின் பெயருக்குப் பின் ஐம்பது வைத்தவரின் பெயரை வாசித்தால் அவர் அடுத்த முறை வரமாட்டார். மேலும், மொய் என்றாலே திருப்பிச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருப்பதால், இது திரும்பி வராத பணம் என்பதை அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சிறு தொகைக்குப் பூட்டிய உண்டியல், சாவி இரண்டு பேரிடம். ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொடுப்பவருக்கு எண் போட்ட ரசீது. கூட்டம் முடிந்த உடனே எல்லோர் முன்னிலையிலும் உண்டியலைத் திறந்து எண்ணி, மொத்தத் தொகையை மட்டும் அறிவித்து, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, மறுநாள் வங்கியில் கட்டிவிட வேண்டும். 'வீட்டில் வைத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை கட்டுகிறேன்' என்ற பேச்சு வந்தால் அங்கேயே வதந்தி முளைக்கும். தனி நபரின் க்யூஆர் குறியீட்டை மேசையில் வைப்பதும் அதே காரணத்தால் தவறு.

பணம் எங்கே போவது என்பதில் இரண்டு வழிகள். ஒன்று, அடையாறு போன்ற ஒரு நிறுவனத்துக்கு நேரே அனுப்பிவிடுவது. நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை வேண்டியவர்கள் அந்த நிறுவனத்தின் ரசீதையே தம் பெயரில் பெற வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது என்பதால் காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ நல்லது. இன்னொன்று, ஊரிலேயே ஒரு பயண நிதியாக வைத்துக்கொள்வது. ஒரு முறையோடு நிற்காமல் ஆண்டுதோறும் நடத்துவதானால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கமாகப் பதிந்து, சங்கத்தின் பெயரில் கணக்குத் தொடங்குவது பாதுகாப்பு. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் பணம் அனுப்ப விரும்பினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தப் பணத்தைக் கொடுக்கலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் தமிழரே ஆனாலும் அவர் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெறுவதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

கூட்டத்தில் பேச்சு என்று ஏதாவது இருந்தால் அது பத்து நிமிடம் போதும், பேசுவதற்குக் கிராம சுகாதார செவிலியர் போதும். மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மார்பில் வலியில்லாத கட்டி, மாதவிலக்கு நின்ற பின் ரத்தப்போக்கு, நீங்காத குரல் கம்மல், காரணமில்லாமல் இளைத்தல் ஆகியவற்றைப் பற்றி அவர் சொல்லலாம். புகையிலை போட்டு வெற்றிலை மெல்லும் பழக்கம் வாய்ப் புற்றுநோய்க்கு நேர்வழி என்பதையும் சொல்லலாம். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பக, கருப்பை வாய்ப் பரிசோதனை இலவசம். 2023 நவம்பரில் நான்கு மாவட்டங்களில் அரசு தொடங்கிய வீடு தேடி அழைக்கும் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில், சோளிங்கர் அடங்கிய ராணிப்பேட்டை மாவட்டமும் ஒன்று. பின்னர் அது விரிவுபடுத்தப்பட்டது. தனியார் மருத்துவமனையின் 'இலவச முகாம்' காபிக் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், மூலிகையில் குணமாக்குவதாகச் சொல்பவரும் வருவார். இருவருக்கும் வணக்கம் சொல்லிக் காபி கொடுத்து அனுப்பிவிடுவது உத்தமம்.

பணத்தைக் கொடுக்கும் முறை எளிமையாகவும் விரைவாகவும் இருக்க வேண்டும். மருத்துவமனை அட்டையைக் காட்டினால் போதும், வருமானச் சான்றுக்கும் சிபாரிசுக் கடிதத்துக்கும் அலைய விடக் கூடாது. முழுத் தொகையையும் ஒரே தவணையில் தராமல் வாராவாரம் கொடுத்தால் சிகிச்சைக்குப் போவதும் உறுதியாகும். இலவசமாகவே கிடைக்கக்கூடியதை முதலில் பெற்றுத் தருவது நிதியை நடத்துபவர்களின் வேலை. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதமும், படுக்கை வகுப்பில் முழுக் கட்டணமும் சலுகை உண்டு. துணைக்குச் செல்பவருக்கும் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்கான படிவத்தை வாங்கி நிரப்பினால் போதும், பலர் கேட்பதே இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்பு வீட்டுக்கே வருகிறது. பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை. இவை போக மிச்சம் எவ்வளவு தேவை என்று பார்த்தால் நிதி இரண்டு பேருக்குப் பதில் மூன்று பேருக்கு வரும்.

சிகிச்சை பலிக்காமல் ஒருவர் இறந்துபோனால், அவருக்கென்று ஒதுக்கியதில் மீதியைக் குடும்பத்திடம் திரும்பக் கேட்பதா, அப்படியே விடுவதா என்ற கேள்வி ஒருநாள் வரும். அதைத் துக்க வீட்டின் வாசலில் நின்று யோசிக்கக் கூடாது. வாராவாரம் கொடுக்கும் முறையில் பெரிய மீதி நிற்காது. நிற்பது எதுவானாலும் காரியச் செலவுக்கு விட்டுவிடுவதாக முதல் தீர்மானத்திலேயே எழுதிக்கொள்ளலாம். யாருக்கு, எந்த மருத்துவமனைக்கு என்பதெல்லாம் குழுவின் நோட்டில் மட்டும் இருக்கட்டும். எத்தனை பேருக்கு எவ்வளவு போயிற்று, கையிருப்பு எவ்வளவு என்ற நான்கு வரி ஊராட்சிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அடுப்பு பற்றவைப்பதற்கு முன் அதையே வாசித்துவிட்டுத்தான் உண்டியலைப் பூட்ட வேண்டும்.